தோட்டத்துக்கு அல்சேஷன் குட்டி வாங்கப் போறீங்களா?



ஒரு மாடு வாங்கணும்னா நாம என்ன செய்வோம்? நாலு சந்தை அலைவோம். பல்லைப் பிடித்துப் பார்ப்போம். சுழி பார்ப்போம். நடக்கவிட்டுப் பார்ப்போம். கறந்து பார்க்காமல் கறவை மாட்டுக்கு முன்பணம் கொடுக்க மாட்டோம். கூடவே விவரம் தெரிந்த ஒருத்தரையும் அழைத்துக்கொண்டு போவோம். ஆனால் காவலுக்கு ஒரு நாய்க்குட்டி வாங்கும்போது மட்டும் இதில் ஒன்றையும் செய்வதில்லை. குட்டி புசுபுசுன்னு அழகா இருக்குதா, கொடு என்று வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

என்னிடம் வைத்தியத்துக்கு ஒரு நாயைக் கொண்டு வந்தார் ஒரு விவசாயி. தென்னந்தோப்பும் பத்து வெள்ளாடும் வைத்திருப்பவர். மோட்டார் ஒயரை இரண்டு முறை திருடன் அறுத்துக்கொண்டு போய்விட்டான் என்று அல்சேஷன் குட்டி ஒன்று வாங்கியிருக்கிறார். நகரத்துத் தரகர் ஒருவர் அட்டைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தாராம். அப்போது குட்டிக்கு வயது முப்பத்தைந்து நாள். தாயையும் பார்க்கவில்லை, தகப்பனையும் பார்க்கவில்லை. இப்போது ஏழு மாதம் ஆகிறது. உட்கார்ந்த நாய் எழுந்திருக்கத் திணறுகிறது. நடந்தால் முயல் தாவுகிற மாதிரி இரண்டு பின்னங்காலையும் சேர்த்துச் சேர்த்து வைக்கிறது. எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் இடுப்பு மூட்டு சரியாக அமையவில்லை. அவர் தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "ஐயா, ஒரு ஆட்டுக்குட்டி வாங்கக்கூட நாலு பட்டி பார்த்திருக்கேன். இதுக்கு அரை மணி நேரம்கூடச் செலவழிக்கலீங்களே!"

அந்த அரை மணி நேரத்தில் என்னவெல்லாம் பார்த்திருக்கணும்? அதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

இது என்ன சாதி நாய்?

நாம அல்சேஷன் என்று சொல்கிற நாயின் சொந்தப் பெயர் ஜெர்மன் ஷெப்பர்ட். ஷெப்பர்ட் என்றால் ஆட்டு இடையர். பேரிலேயே தொழில் இருக்கிறது. முதல் உலகப் போர் சமயத்தில் ஜெர்மனி என்ற பெயரே பிடிக்காமல் போனதால் இங்கிலாந்துக்காரர்கள் அல்சேஷன் என்று பெயரை மாற்றினார்கள். 1977-இல் அங்கேயே பழைய பெயருக்குத் திரும்பிவிட்டார்கள். நம்ம ஊரில்தான் அல்சேஷன் என்ற பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

இந்தச் சாதியை உருவாக்கியவர் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி. 1899-ஆம் ஆண்டு ஒரு நாய்க் கண்காட்சியில் ஆட்டுக்காவல் நாய் ஒன்றைக் கண்டு, அதை விலைக்கு வாங்கி, ஹோராண்ட் என்று பெயர் வைத்தார். அதே வருஷம் இந்தச் சாதிக்கென்று ஒரு சங்கமும் தொடங்கினார். முதலாவதாகப் பதிவான நாய் அந்த ஹோராண்ட்தான். அழகைவிட வேலையும் புத்தியும்தான் முக்கியம் என்பது அவருடைய கொள்கை.

அங்கே இந்த நாய்க்கு என்ன வேலை தெரியுமா? நம்ம ஊரில் கிடை போடுகிற கீதாரிகளுக்கு இது நன்றாகப் புரியும். வேலி இல்லாத நிலம். ஒரு பக்கம் பயிர், ஒரு பக்கம் ஆடு மேய்கிற தரிசு. ஆடு பயிரில் வாய் வைக்கக் கூடாது. அதற்காக வரப்பு ஓரமாகவே நாள் முழுக்க முன்னும் பின்னும் நடந்துகொண்டிருக்கும் இந்த நாய். அதாவது நடமாடும் வேலி. இடையர் ஒரு குரல் கொடுத்தால் திரும்பும். அவர் பார்க்காத நேரத்தில் தானாகவே முடிவெடுத்து ஆட்டை மறிக்கும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நாள் முழுக்க நடக்கவும், மனுஷனோடு சேர்ந்து வேலை செய்யவும் பழக்கப்பட்ட ரத்தம் இது. இதைக் கொண்டு வந்து மூன்று முழச் சங்கிலியில் கட்டி, தோட்டத்தில் தனியாக விட்டுவிட்டு நாம் ஊருக்குள் வந்து படுத்துக்கொண்டால் என்ன ஆகும்? ராத்திரி பூரா குலைக்கும். கயிற்றைக் கடிக்கும். மண்ணைத் தோண்டும். கடைசியில் வருகிறவர் போகிறவரையெல்லாம் கடிக்கிற நாயாக மாறிவிடும். அப்புறம் நாய் கெட்டுப்போச்சு என்று அதன் மேல் பழி போடுவோம்.

முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்

குட்டியைப் பார்க்கப் போவதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து, வீட்டு அம்மாவையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, நாலு கேள்விக்குப் பதில் சொல்லிப் பாருங்கள்.

ஒன்று: தோட்டத்தில் ஆள் குடியிருக்கிறீர்களா? குடியிருந்தால் இந்த நாய் உங்களுக்குப் பொருந்தும். யாரும் இல்லாத தோட்டத்துக்கு இது பொருந்தாது.

இரண்டு: தினமும் காலையும் மாலையும் ஒரு மணி நேரமாவது இதோடு செலவழிக்க ஆள் யார்? "பையன் பார்த்துக்குவான்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பையன் அடுத்த வருஷம் காலேஜ் விடுதிக்குப் போய்விட்டால் நாய் யார் கையில் இருக்கும்? இந்த நாய் ஒன்பதிலிருந்து பதின்மூன்று வருஷம் வரை உயிரோடு இருக்கும். அத்தனை வருஷத்துக்கும் யோசிக்கணும்.

மூன்று: தீனி. வளர்ந்த ஆண் நாய் முப்பதிலிருந்து நாற்பது கிலோ எடை வரும். பெட்டை இருபத்திரண்டிலிருந்து முப்பத்திரண்டு கிலோ வரும். மிச்சம் மீதி சோற்றில் இந்த உடம்பு நிற்காது. முட்டை, மீன், கோழி, ஏதாவது ஒரு புலால் சத்து தினசரி வேணும். குட்டிக்குக் கொடுக்கிற விலை ஒரே ஒரு தடவை. தீனிச் செலவும் வைத்தியச் செலவும் பத்து வருஷத்துக்கு.

நான்கு: வெயில். இந்த நாய்க்கு மேல் ரோமத்துக்கு அடியில் கம்பளி மாதிரி இன்னொரு ரோமம் உண்டு. குளிர்தேசத்து உடுப்பு. சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே கட்டிப்போட்டால் உயிருக்கே ஆபத்து. மர நிழல், காற்றோட்டமான கொட்டகை, எந்நேரமும் தண்ணீர், இவை மூன்றும் இருக்கணும்.

இந்த நாலில் ஏதாவது ஒன்றுக்கு "இல்லை" என்பது பதிலானால், தயவுசெய்து இந்த நாயை வாங்காதீர்கள். அதற்காகக் காவலே இல்லாமல் போய்விடுமா? போகாது. நம்ம மண்ணுக்கே பழகிய இராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி நாய்கள் இருக்கின்றன. குட்டை ரோமம், வெயில் தாங்கும். இராஜபாளையம் நாய்க்கு 2005-இல் தபால் தலையே வெளியிட்டார்கள். அதிலும் ஒன்று கவனிக்கணும். முழு வெள்ளையாக இருக்கிற இராஜபாளையம் குட்டிகளில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. முதுகுக்குப் பின்னால் நின்று கையைத் தட்டி, திரும்புகிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதுவும் வேண்டாமா? நல்ல தாய்க்குப் பிறந்த நாட்டு நாய்க்குட்டி ஒன்றை எடுத்து, ஒழுங்காகத் தடுப்பூசி போட்டு, சோறு வைத்து வளர்த்தால் அதுவும் குரல் கொடுக்கும். திருடன் பயப்படுவது அந்தக் குரலுக்குத்தான், சாதிக்கு இல்லை.

குட்டியைப் பார்க்கும் முன் வளர்ப்பவரைப் பாருங்கள்

சரி, நாலு கேள்விக்கும் "ஆமாம்" என்று பதில் வந்துவிட்டது, இந்த நாய்தான் வேணும் என்று முடிவாகிவிட்டது என்றால், அடுத்த வேலை வளர்ப்பவரைத் தேடுவது.

"தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்று நம்ம பெரியவங்க சொல்லி வைத்திருக்கிறார்கள். நாய் விஷயத்தில் இது அப்படியே பொருந்தும். அதனால் முதல் விதி: தாய் நாயைக் காட்டாத இடத்தில் குட்டி வாங்கக் கூடாது. "தாய் வேற ஊர்ல இருக்குதுங்க", "பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க, குட்டியைக் கொண்டு வந்து தர்றேன்" என்று சொன்னால் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். அவர் வாங்கி விற்கிற தரகராகத்தான் இருப்பார். தகப்பன் நாய் வேறு ஒருவருடையதாக இருக்கலாம், அது தப்பில்லை. ஆனால் யாருடையது, எங்கே இருக்கிறது என்று சொல்லத் தெரியணும்.

தாயிடம் என்ன பார்க்கணும்? நீங்கள் உள்ளே போகும்போது அது குலைக்கலாம், அது அதன் கடமை. ஆனால் வளர்ப்பவர் "சும்மா இரு" என்று சொன்ன பிறகு அடங்குகிறதா? வந்து மோந்து பார்க்கிறதா? மூலையில் போய் நடுங்கி ஒளிகிற தாயும் வேண்டாம், எஜமானனுக்கே அடங்காமல் பாய்கிற தாயும் வேண்டாம். குட்டி போட்ட பெட்டை கொஞ்சம் முறைப்பாகத்தான் இருக்கும். அந்த அளவுக்கு விட்டுக்கொடுத்துப் பார்க்கலாம். பயந்த நாய்தான் அதிகம் கடிக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது.

இடத்தையும் பாருங்கள். தரை சுத்தமா? தண்ணீர் இருக்கிறதா? எத்தனை சாதி நாய்கள் கூண்டில் கிடக்கின்றன? ஐந்தாறு சாதியையும் வைத்து வருஷம் முழுக்கக் குட்டி விற்கிற இடத்தில் ஒரு குட்டிக்கும் நிம்மதியான வளர்ப்பு கிடைத்திருக்காது. வீட்டு மனுஷர் நடமாட்டத்துக்கு நடுவே, மிக்சி சத்தமும் பிள்ளைகள் சத்தமும் கேட்டு வளர்ந்த குட்டிதான் நம்ம வீட்டுக்கும் ஒத்துப்போகும்.

சட்டமும் இருக்கிறது. 2017-இல் மத்திய அரசு நாய் வளர்த்து விற்பதற்கென்று விதிகள் கொண்டு வந்தது. அதன்படி, விற்பனைக்கு நாய் இனப்பெருக்கம் செய்கிறவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. பதினெட்டு மாதம் ஆகாத பெட்டையை இணை சேர்க்கக் கூடாது. ஆகவே, "உங்க பதிவுச் சான்றிதழைக் காட்டுங்க" என்று கேட்பதற்கு நீங்கள் கூச்சப்படவே வேண்டாம். அது உங்கள் உரிமை.

நல்ல வளர்ப்பவரை அடையாளம் காண இன்னொரு வழி உண்டு. நாம் அவரைக் கேள்வி கேட்கிற மாதிரி, அவரும் நம்மைக் கேட்பார். தோட்டத்தில் யார் இருப்பீங்க? கட்டிப் போடுவீங்களா? வேறு நாய் இருக்குதா? என்று கேட்பார். முடியாமல் போனால் நாயைத் திரும்ப என்னிடமே கொண்டு வாங்க என்றும் சொல்வார். பெண் கொடுக்கிற வீட்டார் மாப்பிள்ளையை விசாரிக்கிற மாதிரி விசாரிப்பார். அதைக் கண்டு கோபப்படாதீர்கள். பணத்தை வாங்கியதும் கதவைச் சாத்துகிறவரிடம்தான் கோபப்படணும்.

இடுப்பு மூட்டு

ஆரம்பத்தில் சொன்ன நாயின் நோய்க்கு வருவோம். தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பில் இருக்கிற கிண்ணத்தில் சரியாக உட்கார்ந்திருக்கணும். உலக்கையும் உரலும் மாதிரி. கிண்ணம் ஆழமில்லாமல் போனால் எலும்பு ஆடும், உராயும், வீங்கும், வலிக்கும். பெரிய சாதி நாய்களில், அதிலும் இந்தச் சாதியில், இது அதிகம். பெரும்பாலும் பரம்பரையாக வருவது. கண்ணுக்குத் தெரியாது. எட்டு வாரக் குட்டியிடம் இதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. அதனால்தான் தாய் தகப்பனைப் பார்க்கணும் என்கிறேன்.

ஜெர்மனியில் பெற்றோர் இரண்டுக்கும் இடுப்பை எக்ஸ்-ரே எடுத்துத் தேர்வான பிறகே சங்கம் இணை சேர்க்க அனுமதிக்கும். நம்ம ஊரில் இதைச் செய்கிறவர்கள் குறைவு. என்றாலும் கேளுங்கள். "எக்ஸ்-ரே எடுத்திருக்கேன், இதோ" என்று காட்டுகிறவர் கிடைத்தால், கொஞ்சம் விலை கூடினாலும் அவரிடமே வாங்குங்கள். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எக்ஸ்-ரே எடுக்கிற வசதி உண்டு. அவர் நினைத்தால் செய்யக்கூடிய காரியம்தான்.

எக்ஸ்-ரே இல்லை என்றால்? தாயையும் தகப்பனையும் படுக்கவைத்து எழுப்பச் சொல்லுங்கள். நடக்க, ஓட விடச் சொல்லுங்கள். எழும்போது முன்னங்காலால் இழுத்துக்கொண்டு எழுகிறதா? பின்பக்கம் தள்ளாடுகிறதா? முதுகு வால் பக்கமாக ரொம்பச் சரிந்து, பின்னங்கால் மடங்கியே இருக்கிறதா? கண்காட்சிக்கு என்று சிலர் அந்தச் சரிவை விரும்பி வளர்க்கிறார்கள். தோட்டத்தில் வரப்பு ஏறி இறங்குகிற நமக்கு முதுகு ஓரளவு நேராக இருக்கிற நாய்தான் நல்லது.

வியாபாரப் பேச்சு

குட்டி விற்கிற இடத்தில் சில வார்த்தைகள் அடிபடும். "டபுள் கோட்டுங்க, அதான் விலை ஜாஸ்தி" என்பார்கள். நீள முடியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். உண்மையில் குட்டை முடி அல்சேஷனுக்கும் மேல் ரோமம், அடி ரோமம் என்று இரண்டு அடுக்கு உண்டு. நீள முடிக்குத் தனி விலை கொடுப்பது உங்கள் இஷ்டம். ஆனால் முட்காடு, சேறு, உண்ணி எல்லாம் இருக்கிற தோட்டத்துக்குக் குட்டை முடிதான் வசதி.

"ஹெவி போன்" என்பார்கள். கால் உருளை உருளையாக இருக்கிற குட்டியைக் காட்டுவார்கள். மூட்டு மட்டும் உருண்டு வீங்கினாற்போல் இருந்தால் அது பலம் இல்லை, எலும்பு நோயாகவும் இருக்கலாம். ரொம்பக் கொழுத்த குட்டியும் வேண்டாம்.

"காது இன்னும் நிக்கலியே, கலப்போ?" என்று நமக்கே சந்தேகம் வரும். எட்டு வாரத்தில் காது தொங்குவது சகஜம். நாலிலிருந்து ஆறு மாதத்துக்குள் பல் விழுந்து முளைக்கிற சமயத்தில் ஏறி இறங்கி, பிறகு நிற்கும். நிறமும் வளர வளர மாறும். குட்டியில் பார்த்த கருப்பு அப்படியே இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

"பேப்பர் இருக்குது" என்பார்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியா கொடுக்கிற வம்சாவளிச் சான்றிதழைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அது நல்லதுதான். ஆனால் அதில் குட்டியின் பாட்டன் பூட்டன் பெயர்தான் இருக்கும், குணமும் இடுப்பும் இருக்காது. பேப்பரைப் பாருங்கள், பிறகு நாயையும் பாருங்கள். "பேப்பர் பின்னால அனுப்பறேன்" என்ற பேச்சை நம்பி முழுப் பணமும் கொடுக்காதீர்கள்.

எந்தக் குட்டியை எடுப்பது?

எட்டு வாரம் முடிந்த குட்டியைத்தான் எடுக்கணும். "சின்னதிலேயே எடுத்தால்தான் நம்மகிட்ட ஒட்டும்" என்பது தவறு. தாயோடும் கூடப்பிறந்த குட்டிகளோடும் இருக்கிற அந்த நாட்களில்தான் குட்டி ஒரு பெரிய பாடம் கற்கிறது. விளையாட்டில் அழுத்திக் கடித்தால் அடுத்த குட்டி கத்தும், விளையாட்டு நின்றுபோகும். எவ்வளவு அழுத்தலாம் என்று அப்போதுதான் தெரியும். அந்தப் பாடம் படிக்காத குட்டி நம்ம பிள்ளை கையில் படிக்கும்.

ஒரே ஈத்துக் குட்டிகளை ஒன்றாக விட்டுக் கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். கண்ணில் பீளை, மூக்கில் சளி, பின்பக்கம் கழிச்சல் ஒட்டியது, பானை வயிறு, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு வாங்க வேண்டாம். ஒரு குட்டிக்கு இருந்தால் மற்றதுக்கும் வரும். பிறகு ஒரு சாவிக்கொத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். எல்லாக் குட்டியும் திடுக்கிடும், அது இயற்கை. திடுக்கிட்டு, பிறகு தானாகவே வந்து மோந்து பார்க்கிற குட்டிதான் நமக்கு வேணும். ஓடிப் போய்த் திரும்பியே வராத குட்டி வேண்டாம். மற்ற குட்டிகளையெல்லாம் ஏறி மிதித்து, கையைக் கடித்துத் தொங்குகிற குட்டியைப் பார்த்து "இதுதான் வீரன்" என்று எடுப்பார்கள். பழக்கமில்லாத வீட்டில் அதை அடக்குவது கஷ்டம். நடுத்தரமான குட்டிதான் நல்ல காவல்காரன் ஆகும்.

ஆணா, பெட்டையா என்று கேட்பீர்கள். காவலுக்கு இரண்டும் ஒன்றுதான். பெட்டை உடம்பில் சிறியது, சொல் பேச்சைச் சீக்கிரம் கேட்கும் என்பது பல பேருடைய அனுபவம். வருஷத்தில் ஏறத்தாழ இரண்டு தடவை பருவத்துக்கு வரும். குட்டி வேண்டாம் என்றால் கருத்தடை அறுவை செய்துவிடலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

வரும்போதே கேட்டு வாங்க வேண்டியது ஒன்று உண்டு. அதுதான் தடுப்பூசி அட்டை. குடற்புழு மருந்து எப்போது கொடுத்தது, எந்த ஊசி எந்தத் தேதியில் போட்டது என்று டாக்டர் கையெழுத்தோடு இருக்கணும். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி. அதன் பிறகு மூன்று, நாலு வாரத்துக்கு ஒரு தடவை, பதினாறு வாரம் ஆகும் வரை. இது பார்வோ என்கிற ரத்தக் கழிச்சலுக்கும், டிஸ்டெம்பர் நோய்க்கும் காவல். பார்வோ கிருமி தரையில் மாதக் கணக்கில் உயிரோடு கிடக்கும். போன வருஷம் ஒரு குட்டி ரத்தமாகக் கழிந்து செத்த இடம் என்றால், ஊசிகள் முடியும் வரை புதுக் குட்டியை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

நாலு மாதம் வரை ஒரு நாளைக்கு நாலு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, அதன் பிறகு இரண்டு வேளை தீனி. ஒரே வேளையாகக் கொட்டி வைத்து, தின்ற கையோடு ஓடவிட்டால் வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும். அது சில மணி நேரத்தில் உயிரை வாங்கும். விலா எலும்பு கைக்குத் தட்டுப்படணும், கண்ணுக்குத் துருத்தக் கூடாது. கொழுக்க வைத்தால் இடுப்பு கெடும். சுண்ணாம்புச் சத்து மருந்தை டாக்டரைக் கேட்காமல் ஊற்றாதீர்கள். அதுவும் எலும்பைக் கெடுக்கும். வெங்காயம் கலந்த குழம்புச் சோறு, வெந்த எலும்பு இரண்டும் வேண்டாம். ஒன்றரை வயது ஆகும் வரை மொபெட்டுக்குப் பின்னால் ஓடவிடுவது, சுவரேறிக் குதிக்க வைப்பது எல்லாம் கூடாது.

மூன்று வாரத்திலிருந்து பதினாலு வாரம் வரை குட்டியின் மனசு ஈரக் களிமண் மாதிரி. இந்த நாட்களில் ஆடு, மாடு, கோழி, மோட்டார் சத்தம், டிராக்டர், வேலைக்கு வருகிற ஆட்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் அதற்குப் பழகணும். தெருவில் விடாமல், கையில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுங்கள். கோழியைத் துரத்தினால் சிரிக்காதீர்கள். இன்றைக்குச் சிரித்தால் நாளைக்கு ஆட்டுக்குட்டியைக் கடித்துவிட்டு வந்து நிற்கும்.

இன்னொரு முக்கியமான எச்சரிக்கை. நாய் உண்ணி மூலமாக ஒரு காய்ச்சல் வரும். இந்தச் சாதி நாய்களை அது மற்ற சாதிகளைவிடக் கடுமையாகத் தாக்கும். நாய் சோர்ந்து படுத்தால், ஈறு வெளுத்தால், மூக்கில் ரத்தம் வந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். உண்ணிக்கு என்று மாட்டுக்கு வாங்கி வைத்த ஊசி மருந்தையோ, தெளிப்பு மருந்தையோ நீங்களாக நாய்க்குப் போடாதீர்கள். ஆட்டுக்காவல் நாய்ச் சாதிகளில் சிலவற்றுக்கு, மாட்டுக்குப் போடுகிற ஐவர்மெக்டின் போன்ற மருந்து மூளைக்கு ஏறி உயிரையே பறித்துவிடும்.

மறக்கக் கூடாத ஊசி

குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி. பிறகு ஆண்டுதோறும் ஒன்று. எந்தச் சாதி நாயானாலும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு மனுஷனைக் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். குட்டி நாய் கடித்தாலும், நம்ம வீட்டு நாய் கடித்தாலும், நகம் பட்டுக் கீறினாலும்கூட, சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டுவது, மந்திரிப்பது எல்லாம் வைத்தியம் ஆகாது.

அந்தத் தென்னந்தோப்புக்காரர் தன் நாயைக் கைவிடவில்லை. எடையைக் குறைத்து, வலி மருந்து கொடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார். வாசலில் படுத்துக்கொண்டு குரல் கொடுக்கும். ஆனால் தோப்பின் மறு கோடி வரை நடக்க முடியாது. மோட்டார் இருப்பது அந்தக் கோடியில்தான். அந்த நாய் செய்த தப்பு ஒன்றும் இல்லை, பாருங்கள்.

ஆகவே உழவர் பெருமக்களே, முதலில் உங்கள் தோட்டத்தையும் உங்கள் நேரத்தையும் பாருங்கள். அடுத்து வளர்ப்பவரைப் பாருங்கள். அதற்கடுத்துத் தாயையும் தகப்பனையும் நடக்கவிட்டுப் பாருங்கள். கடைசியாகத்தான் குட்டியைப் பார்க்கணும். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றினால் கஷ்டப்படுவது நாம் மட்டும் இல்லை, வாய் பேசாத அந்தச் சீவனும்தான். சந்தேகம் இருந்தால் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். குட்டியை வாங்கிய பிறகு கேட்பதைவிட, வாங்குவதற்கு முன்னால் கேட்பது நல்லது.